சூப்பர்வைசருக்கு ஒரு வீடு

காப்பகத்தில் எல்லோரும் அவளைத் தரகர் என்றுதான் கூப்பிடுவார்கள். மனிதர்களுக்குச் சம்பந்தம் பேசி முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அதைப்போல இவள் நாய்களுக்கு வீடு பேசி முடிக்கிறவள். பதினொரு வருடத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாய்களைக் கரையேற்றிவிட்டாள். தெருவில் அடிபட்டது, கட்டிப்போட்டுவிட்டு ஓடிப்போனவர்கள் விட்டுச்சென்றது, குட்டி போட்டதற்காகத் துரத்தப்பட்டது என்று வந்து சேரும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதிக் கூண்டில் மாட்டுவாள். நிறையை எழுதுவதுபோலக் குறையையும் ஒளிக்காமல் எழுதிவிடுவாள்.

‘குடையை விரித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். மழைக்காலம் முடியும்வரை பொறுமை வேண்டும்.’

‘கிண்ணத்துத் தண்ணீரைத் தொடாது. குழாயைத் திறந்துவிட்டால்தான் குடிக்கும்.’

‘தான் விட்ட காற்றுக்குத் தானே திடுக்கிட்டு எழுந்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் குரைக்கும். விருந்தாளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.’

படித்துவிட்டுச் சிலர் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள். போகட்டும் என்று விட்டுவிடுவாள். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் மூன்றாம் நாளே நாயும் கையுமாக வாசலில் வந்து நிற்பார்கள், அப்போது அந்த நாயின் முகத்தைப் பார்க்க முடியாது என்பாள்.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை பொய் சொன்னாள். அது சூப்பர்வைசருக்காக.

சூப்பர்வைசர் ஒன்பது வயது நாய். கறுப்பும் வெள்ளையுமாகச் சடைமுடி. ஒரு காது நிமிர்ந்திருக்கும், ஒரு காது மடிந்திருக்கும். எந்த ஆட்டு மந்தையில் பிறந்ததோ, நாலு பேர் நாலு திசையில் இருந்தால் அதற்குத் தாங்காது. தேநீர் நேரத்தில் காப்பகத்து ஆட்கள் ஒருவர் கூண்டருகிலும் ஒருவர் குழாயடியிலும் நின்றால், முழங்காலுக்குப் பின்னால் மூக்கை வைத்து நெட்டித் தள்ளும். நகரவில்லையென்றால் உடையின் ஓரத்தைப் பல்லில் கவ்வி இழுக்கும். எல்லோரையும் ஓர் அறைக்குள் கொண்டுவந்து சேர்த்த பிறகு வாசலுக்குக் குறுக்கே படுத்து ஒரு பெருமூச்சு விடும் பாருங்கள், ஒரு நாள் வேலையை முடித்துக் கையெழுத்துப் போட்ட அதிகாரி கெட்டார். பெயர் வந்த கதை அதுதான்.

இரண்டு வீடுகளில் இருந்துவிட்டுத் திரும்பி வந்திருந்தது. முதல் வீட்டில் ஆறு பேர், ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கைப்பேசி. “வீட்டுல யாரும் தனியா உட்கார முடியலைங்க. ஜெயில் வார்டன்கூட இப்படி இல்லை” என்று கயிற்றை நீட்டினார் அந்த வீட்டுக்காரர். இரண்டாவது வீட்டில் புதிதாகக் கல்யாணமானவர்கள். கணவன் கம்ப்யூட்டரில் அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது, தலைக்குத் துண்டு கட்டியிருந்த மனைவியைக் குளியலறை வாசலிலிருந்து தள்ளிக்கொண்டுவந்து அவன் பக்கத்தில் நிறுத்திவிட்டது. மொத்த அலுவலகமும் பார்த்தது. மறுநாளே திரும்பி வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எட்டு மாதம் யாரும் அதைக் கேட்கவில்லை. முன்பெல்லாம் ஆள் வந்தால் கம்பி அருகே வந்து நிற்கும். பிறகு இருந்த இடத்திலிருந்து தலையை மட்டும் தூக்கிப் பார்த்தது. கடைசியில் அதுவும் இல்லை.

“இடுப்பு எலும்பு தேய்ஞ்சு போச்சு” என்றாள் காப்பகத்து டாக்டர். “இந்தச் சிமெண்ட் தரையில இன்னொரு குளிர்காலம் தாங்காது. எங்கேயாவது ஒரு வீடு பாருங்க.”

அந்த வாரம்தான் நர்ஸம்மா வந்தாள். அறுபத்தாறு வயது, நிமிர்ந்த நடை, ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். சத்தம் போடாத வயசான நாயாக ஒன்று வேண்டும் என்றாள். சூப்பர்வைசரின் கூண்டுக்குள் அவளே போய்க் குந்தி, அதன் இடுப்பில் இரண்டு விரலை வைத்து மெல்ல அழுத்தினாள்.

“இந்தப் பக்கம்தான் வலிக்குதாடா உனக்கு?”

எட்டு மாதமாக எதற்கும் அசையாத வால் தரையில் இரண்டு தடவை தட்டியது. தரகர் ஓடிப்போய்ப் படிவத்தை எடுத்து வந்தாள்.

படிவத்தில் ‘வீட்டில் இருப்பவர்கள்’ என்ற இடத்தில் நர்ஸம்மா ஒன்று என்று எழுதினாள். கொஞ்சம் யோசித்து அதை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள்.

“இன்னொருத்தர் யாருங்கம்மா?”

“மாடியில என் தம்பி. அவன் தனி, நான் தனி. பேச்சு வார்த்தை கிடையாது.”

மேலே ஒருவர், கீழே ஒருவர். இந்த நாய்க்கு இதைவிடப் பொருந்தாத வீடு உலகத்தில் இருக்க முடியாது.

“இதுக்குக் கெட்ட பழக்கம் ஏதாவது உண்டா?” என்று நர்ஸம்மா கேட்டாள்.

கூண்டில் தொங்கிய அட்டையைத் தரகரின் கை தானாகத் திருப்பி வைத்தது. “தங்கமான பிள்ளைங்கம்மா” என்றாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் பக்கென்றது. சொல்லிவிடலாம் என்று நான்கு முறை எண்ணைத் தேடி எடுத்தாள், நான்கு முறையும் வைத்துவிட்டாள். ஒன்பதாம் நாள் காலையில் அழைப்பு வந்தது. ஆண் குரல், யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தணிந்து பேசியது.

“நான் மாடியில இருக்கிறவன். உங்க நாயைப் பத்திப் பேசணும். கொஞ்சம் நேர்ல வர முடியுமா?”

போச்சு என்று நினைத்துக்கொண்டாள். பையில் ஒரு கயிற்றை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

சின்ன வீடு. கதவைத் திறந்ததும் கூடம், கூடத்திலிருந்தே மாடிக்கு மரப்படிகள். கூடத்து மூலையில் குளிர்பதனப் பெட்டி. அதன்மேல் ஒரு சீட்டு: ‘பால் தீர்ந்துவிட்டது’ என்று கோணல்மாணலான மருத்துவமனைக் கையெழுத்து, கீழே ‘வாங்கியாகிவிட்டது’ என்று அச்சடித்ததுபோன்ற எழுத்து. தம்பி கட்டட வரைபடம் வரைகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆறு வருடமாக அந்த வீட்டில் நடந்த பேச்செல்லாம் அந்தப் பெட்டியின் கதவில்தான்.

படிக்கட்டின் நட்டநடுவில், எட்டாவது படியில், சூப்பர்வைசர் சுருண்டு கிடந்தது. கீழ்ப்படியில் நர்ஸம்மா ஒரு கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். மேல்படியில் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர் ஒருவர் ஒரு பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் நாயைத்தான் பார்த்தார்களே தவிர, ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

“வந்தியாம்மா” என்றாள் நர்ஸம்மா. தான் கூப்பிடாத ஆள் எப்படி வந்தது என்று அவள் கேட்கவில்லை. “நாலு நாள் மேலேயும் கீழேயுமா ஏறி இறங்குச்சு. என் புடவையைப் பிடிச்சு மாடிப்படிக்கு இழுக்குது. அப்புறம் மேல போய்க் கத்துது. அஞ்சாவது நாள் இடுப்பு பிடிச்சுக்கிச்சு. இங்கேயே படுத்திருச்சு. தூக்கிட்டுப் போனா மறுபடி ஊர்ந்து வந்திடுது. ரெண்டு நாளா ஒரு வாய் சாப்பிடலை. என்ன நோய்னு எனக்குப் புரியலை.”

மேலேயிருந்தவர், “ராத்திரியும் இங்கேயேதான் படுக்குது. நான் ஒரு போர்வை போட்டேன்” என்றார், தரகரிடம்.

தரகர் பையைக் கீழே வைத்தாள். இனிமேல் மறைக்க நாக்கு எழவில்லை.

“இது நோய் இல்லைங்கம்மா. இதோட குணம். ஒரு வீட்டுல இருக்கிறவங்க பிரிஞ்சு இருந்தா இதுக்குப் பொறுக்காது. எல்லாரும் ஒரே இடத்துல இருக்கணும். அதனாலதான் ரெண்டு வீட்டுல திருப்பி விட்டாங்க. எனக்கு இது தெரியும். நீங்க கேட்டப்ப தெரிஞ்சேதான் மறைச்சேன். சொன்னா வேண்டாம்னு போயிடுவீங்களோன்னு பயம். அதுக்கு நல்லது பண்றதா நினைச்சுக்கிட்டு உங்க எல்லாரையும் கஷ்டப்படுத்திட்டேன்.”

மேல்படியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. சந்தோஷச் சிரிப்பு இல்லை.

“கேட்டியாடா?” என்றார் தம்பி, நாயைப் பார்த்து. “நீ சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கே. இங்கேயும் நல்லது நினைச்சுத்தான் மறைப்பாங்க.”

நர்ஸம்மாவின் கையிலிருந்த கிண்ணம் படியில் இறங்கியது. தரகருக்கு அங்கே நிற்பதா, நழுவிவிடுவதா என்று தெரியவில்லை. நாயை அப்படியே விட்டுவிட்டு நழுவவும் முடியாது.

“எனக்குத் தெரியும்டா” என்றாள் நர்ஸம்மா. இந்தத் தடவை அவள் நாயைப் பார்த்துப் பேசவில்லை. “அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரியில அம்மாவோட மூச்சைப் பார்த்தப்பவே தெரியும். முப்பத்தஞ்சு வருஷம் வார்டுல அந்த மாதிரி மூச்சைக் கேட்டவ நான். நீ மூணு நாளா கண் மூடலை. அந்தக் கடைசி நேரத்தை நீ பார்த்தா தாங்கமாட்டியோன்னு நினைச்சேன். அதான், வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வா, சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு அனுப்பினேன்.”

தம்பி கண்ணாடியைக் கழற்றினார்.

“கோபம் நீ அனுப்பினதுக்குக்கூட இல்லைக்கா” என்றார். ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த அந்த ‘அக்கா’ அவருக்கே புதிதாகக் கேட்டிருக்க வேண்டும். “அப்புறம் கேட்டேனே. உனக்கு முன்னாடியே தெரியுமான்னு. தெரியாதுன்னு சொன்னே. என் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னே.”

“சொன்னேன்.”

“ஏன்?”

“தெரியும்னு சொன்னா நீ என்னை விட்டுப் போயிடுவியோன்னு பயந்தேன்.”

“போகலையே. மாடிக்குத்தானே போனேன்.”

நர்ஸம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, இரண்டும் சரியாக வராமல் புரையேறியது. தரகர் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்து கொடுத்தாள்.

“அம்மா கஷ்டப்பட்டாங்களா?” என்று அவர் கேட்டார்.

“கொஞ்சம். கடைசியில இல்லை. உன்னை ரெண்டு தடவை கேட்டாங்க. வந்துட்டே இருக்கான்மான்னு சொன்னேன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய தோள்கள் குலுங்குவதைத் தரகர் பார்க்காதவள்போலக் குளிர்பதனப் பெட்டியின் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. மரப்படி கிரீச்சிட்டபோதுதான் திரும்பினாள். தம்பி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்து நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நர்ஸம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஏழு படி ஏறினாள். அவளுக்கு முழங்கால் வலி. நின்று நின்றுதான் ஏறினாள்.

சூப்பர்வைசர் தலையைத் தூக்கியது. இவரைப் பார்த்தது, அவளைப் பார்த்தது. பிறகு கீழே நின்ற தரகரைப் பார்த்து ஒரு குரை குரைத்தது.

“நீயும் வரணுமாம்” என்றாள் நர்ஸம்மா.

தரகரும் ஏறிப் போய் ஆறாவது படியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் அந்த நாய் தம்பியின் பாதத்தின்மேல் தாடையை வைத்து, அந்தப் பழைய பெருமூச்சை விட்டது. கிண்ணத்தை நீட்டியதும் படுத்தபடியே நக்கிச் சாப்பிட்டது. பாதி அவருடைய கால்சட்டையில் ஒழுகியது. அவர் காலை நகர்த்தவில்லை.

“நான் வேணும்னா அதைக் கூட்டிட்டுப் போயிடறேங்க” என்று தரகர் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “உங்களுக்குத் தொந்தரவு...”

“எங்கே கூட்டிட்டுப் போவே?” நர்ஸம்மாவின் குரலில் பழைய வார்டு அதட்டல் திரும்பியிருந்தது. “கையெழுத்துப் போட்டது நான். பொய் சொன்னதுக்கு உன்னை அப்புறம் பேசிக்கறேன்.”

“ஆனா இது இனிமே படி ஏறவே கூடாதுங்கம்மா. டாக்டர் சொல்லியிருக்காங்க.”

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி நாயின் மடிந்த காதை விரலால் நிமிர்த்தி நிமிர்த்தி விட்டுக்கொண்டிருந்தார். அது ஒவ்வொரு தடவையும் மடிந்து விழுந்தது.

“கீழ அம்மா ரூம் சும்மாத்தானே இருக்கு?” என்றார் கடைசியில்.

“வாரா வாரம் பெருக்கித்தான் வச்சிருக்கேன்” என்றாள் அக்கா.

நாயைப் போர்வையோடு நான்கு முனையையும் பிடித்துத் தூக்கி, கூடத்தில் ஒரு மெத்தையில் இறக்கினார்கள். படுத்த மாத்திரத்தில் குறட்டை விட ஆரம்பித்துவிட்டது. நல்ல காரியத்தை நாளைக்குத் தள்ளிப்போடுவானேன் என்று நர்ஸம்மா சொல்ல, அப்போதே தம்பியின் கட்டிலையும் கீழே இறக்குவதென்று முடிவாயிற்று. மூன்று பேருமாகத் தூக்கி வந்தார்கள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் கட்டில் சிக்கிக்கொண்டது.

“சாய்ச்சுத் திருப்புடா. எத்தனை ஸ்ட்ரெட்சர் தூக்கினவ நான்.”

“ஸ்ட்ரெட்சர் வேற, கட்டில் வேறக்கா. இந்தத் திருப்பம் மூணடிதான். காலைக் கழட்டினாத்தான் போகும்.”

“ஏத்தும்போது காலோடத்தானே ஏத்தினே?”

“ஏத்தும்போது நான் தனியா ஏத்தினேன். யாரும் யோசனை சொல்லலை!”

“அதான் சுவர்ல அந்த மாதிரி கீறல்!”

“அந்தக் கீறல் உன் பீரோவைக் கீழ இறக்கினப்ப விழுந்தது!”

மேலேயிருந்து ஒரு குரல், கீழேயிருந்து ஒரு குரல். ஆறு வருடத்து நிலுவையையும் அங்கேயே தீர்த்துக்கொள்வது என்று இருவரும் கங்கணம் கட்டிக்கொண்டதுபோல இருந்தது. நடுவில் கட்டில் சட்டத்தைத் தோளில் தாங்கிக்கொண்டு நின்ற தரகருக்குத் தோள் இற்றுப்போயிற்று. கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டுப் பேசலாமா என்று கேட்க வாயெடுத்தாள். பிறகு மனசு வராமல், சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நன்றாக ஊன்றி நின்றுகொண்டாள்.