மாடி அறையின் தாழ்ப்பாள்

பெயிண்ட் அடிக்க வருகிறோம் என்று எந்த நிறுவனம் கேட்டாலும் காப்பாளர் அம்மாள் வேண்டாம் என்று சொன்னதில்லை. பெற்றோர் இல்லாத, இருந்தும் வைத்துக்கொள்ள முடியாத பெண் பிள்ளைகள் அவருடைய இல்லத்தில் தங்கிப் படித்தார்கள். அவர்களுக்குப் பள்ளிச் சம்பளமும் கல்லூரிச் சம்பளமும் கட்டுவது நிறுவனங்கள்தான். வருடத்தில் ஒரு நாள் அந்த நிறுவனங்களின் ஊழியர்களுக்குத் தங்கள் கையாலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசை வரும். நல்ல ஆசைதான். ஆனால் வேலை ஒரே நாளில் முடிய வேண்டும், செய்தது கண்ணுக்குத் தெரியவும் வேண்டும் என்றால் பெயிண்டை விட்டால் வேறு என்ன இருக்கிறது? பழையதைச் சுரண்டிவிட்டு அடிக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. பச்சையின் மேல் நீலம், நீலத்தின் மேல் ரோஜா நிறம் என்று ஏறிக்கொண்டே போனது.

சுவர் தாங்கிக்கொண்டது. மாடியில் பெரிய பெண்கள் தங்கியிருந்த அறையின் கதவுதான் மாட்டிக்கொண்டது. கதவும் நிலையும் பெயிண்டால் தடித்துப்போய், சாத்தப் போனால் முழுக்க மூடாமல் முட்டிக்கொண்டு நிற்கும். தாழ்ப்பாள் அசைக்க முடியாதபடி இறுகிவிட்டிருந்தது. ஒருத்தி உடை மாற்றினால் இன்னொருத்தி கதவுக்கு முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். வருகிறவர்களுக்கு இல்லத்தைச் சுற்றிக் காட்டும் நாட்களில் அதற்கும் வழியில்லை. மூடாத கதவைப் பார்த்தால், வாருங்கள் என்று அழைப்பதாகத்தான் விருந்தினர்களுக்குத் தோன்றும். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு பெண்ணைத் தட்டி எழுப்பி, கையில் மிட்டாய் கொடுத்து, நன்றாகப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போன நல்ல மனிதரும் உண்டு.

அந்த அறையில் ஒரு பதினேழு வயதுப் பெண்ணுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். எதற்கும் ஏன் என்று கேட்பாள். கதவை இழைக்க ஒரு தச்சரைக் கூப்பிடுங்கள் என்று அம்மாளிடம் பல தடவை வாதாடித் தோற்றிருந்தாள். ஆசையாக அடித்துவிட்டுப் போன பெயிண்டைச் சுரண்டி வைத்தால், அடித்தவர்கள் மறுபடி வரும்போது மனம் நோகாதா என்பது அம்மாளின் கவலை. மனம் நொந்தால் பிள்ளைகளின் படிப்புச் சம்பளம் நின்றுவிடுமோ என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாத கவலை.

அன்று மஞ்சள் பனியன் போட்ட ஒரு கூட்டம் டப்பாக்களோடும் தூரிகைகளோடும் வந்து இறங்கியது. அழைத்து வந்தவர் அந்த நிறுவனத்தின் நன்கொடைப் பிரிவு அதிகாரி, ஒரு பெண்மணி. அலுவலகத்தில் அவரைத் ‘தர்மகர்த்தா’ என்று கேலி செய்வார்கள். அவருக்கும் அது உள்ளூரப் பிடிக்கும். பெரிய பெண்களை வரிசையாக நிற்க வைத்து, மாடி அறைக்கு மஞ்சள் அடிக்கலாமா, ஊதா அடிக்கலாமா என்று சிரித்தபடி கேட்டார்.

“ரெண்டும் வேணாம் மேடம்,” என்றாள் வக்கீல்.

“அப்ப வேற என்ன கலர் வேணும்?”

“கலரே வேணாம். கதவு மூடணும்.”

காப்பாளர் அம்மாளுக்கு முகத்தில் ஈயாடவில்லை. பரீட்சை நேரம், தூக்கம் இல்லாமல் ஏதோ உளறுகிறாள் என்று சமாளித்துப் பார்த்தார். அதிகாரிக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. தலைமை அலுவலகம் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் கேட்டிருந்தது. படம் எடுக்கிறவர் தயாராக நின்றார். இவ்வளவு பேர் விடுமுறையை விட்டுவிட்டு வந்திருக்க, இந்தப் பெண்ணுக்கு என்ன குறை என்று ஒரு கணம் நினைத்தார். ஆனாலும் மாடிக்கு ஏறிப் போனார்.

கதவைத் தள்ளினார். தோள் கொடுத்தும் தள்ளிச் சாத்தப் பார்த்தார். அது அசையவில்லை. நிலையின் ஓரத்தை நகத்தால் நெம்பியபோது ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. ரோஜா நிறத்தின் கீழே நீலம், அதற்கும் கீழே பச்சை. போன வருடம், வேறு இரண்டு நிறுவனங்கள் வந்து போவதற்கு முன், அந்தப் பச்சையைக் கடையில் நின்று தேர்ந்தெடுத்தவர் அவர்தான்.

“இது நாங்க அடிச்சது,” என்றார்.

“நல்லாத்தான் இருந்துச்சு மேடம்,” என்றாள் வக்கீல். அவளுக்கும் இரக்கம் உண்டு.

இரவில் எப்படித் தூங்குகிறீர்கள் என்று அவர் கேட்டார். உள்ளே இருந்த இரும்புப் பெட்டியை அவள் காட்டினாள். தினமும் அதை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பார்களாம். அதிகாரிக்கும் அதே வயதில் ஒரு மகள். கதவை எந்நேரமும் ஏன் சாத்திக்கொள்கிறாய் என்று அன்று காலையில்கூட அவளோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார்.

கீழே வந்து, டப்பாக்களைத் திறக்க வேண்டாம், கதவைச் சுரண்டலாம் என்றார். சிலர் முணுமுணுத்தார்கள். “ஆபீஸ்லயும் சுரண்டல், இங்கயும் சுரண்டலா?” என்றார் கணக்குப் பிரிவுக்காரர், பிற்பாடு சுரண்டும் தகட்டை முதலில் கையில் எடுத்தவரும் அவர்தான். பெயிண்டைக் கடையில் திருப்பிக் கொடுத்து உப்புத்தாளும் தகடுகளும் வாங்கி வந்தார்கள். கதவைக் கழற்றிப் படுக்கவைத்து, அதையும் நிலையையும் தாழ்ப்பாளையும் முறை போட்டுச் சுரண்டினார்கள். ஒட்டிக்கொண்டு திறக்காமல் இருந்த சன்னல்களைச் சிலர் எடுத்துக்கொண்டார்கள். இடம் கிடைக்காதவர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

காப்பாளர் அம்மாள் அதிகாரியைத் தனியாக அழைத்துப் போனார். “பிள்ளை தெரியாம பேசிட்டா மேடம். சம்பளத்துல எதுவும்…”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. நீங்களே முன்னாடி சொல்லியிருக்கலாமே.”

“கொடுக்க வர்றவங்ககிட்ட எப்படி மேடம் சொல்றது?”

தான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்பது அதிகாரிக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்பதற்கு ஒரு காசும் செலவில்லை. ஒருவர் வாயைத் திறக்கக் கடவுள் மற்றவரின் காதைத்தான் நம்பியிருக்கிறார் என்று தோன்றுகிறது.

படங்கள் ஒன்றும் உருப்படியாக வரவில்லை. திட்டுத்திட்டாகப் பல நிறம் தெரிய ஒரு கதவு; சுற்றிலும் தலையெல்லாம் தூசியாக மனிதர்கள். அதையே தலைமை அலுவலகத்துக்கு அதிகாரி அனுப்பி வைத்தார்.

எல்லோரும் போன பிறகு சாப்பிடக் கூப்பிடக் காப்பாளர் அம்மாள் மாடிக்குப் போனார். வழக்கம்போல உள்ளங்கையால் கதவைத் தள்ளினார். அது திறக்கவில்லை. என்ன செய்வது என்று புரியாமல் சற்று நின்றார். பிறகு விரலை மடக்கி மெதுவாகத் தட்டினார்.

“யாரு?”

“நான்தான்டி.”

“கொஞ்சம் இருங்கம்மா.”

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. யாரும் உடை மாற்றவில்லை, சும்மாதான் காக்க வைக்கிறார்கள் என்று அம்மாளுக்குத் தெரிந்தது. தெரிந்தும், அவர்களாகத் திறக்கும்வரை அங்கேயே நின்றார்.