'அந்த இட'த்துக்கு ஒரு நேர்ச்சை

மாமியார் தோன்யா பிரிகீதா தேவமாதாவிடம் நேர்ந்துகொண்டபோது வேண்டுதல் அவருடையது, முழங்கால் மருமகளுடையது. எங்கள் ஊரில் இதை யாரும் அநியாயம் என்று சொல்ல மாட்டார்கள். மாமியார் நேர்ந்துகொள்வதும் மருமகள் தேய்வதும் இங்கே நெடுநாள் வழக்கம்.

மருமகள் நோயெமிக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பைக்குள் ஒழுங்காக இருக்க வேண்டிய சவ்வு, இருக்கிற வீடு போதாதென்று குடல் மேலும் சினைப்பை மேலும் குடியேறி, மாதாமாதம் அங்கேயும் இரத்தம் கசிந்து ரகளை செய்யும் நோய். இந்தப் பெயரைக் கண்டுபிடிப்பதற்குள் மருத்துவர்களுக்குப் பல வருடம் ஓடிவிட்டது. அதுவரை வாயு என்றார்கள், நரம்பு என்றார்கள், ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரியோ, "வெறுங்காலோட டைல்ஸ் மேல நடந்தியா? குளிர் ஏறிடுச்சு" என்று ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டாள். கடைசியில் ஒரு டாக்டர் வயிற்றில் மூன்று ஓட்டை போட்டு, சுரண்டி எடுத்து, "சுத்தமாயிடுச்சு" என்றார். வீட்டுக்கு வெள்ளையடித்தவர்கூட இன்னும் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருப்பார்.

நோயெமிக்கு மயக்கம் தெளிவதற்குள் மாமியார் கோயிலுக்கு ஓடினார். வாசல் கடையில் நோய் கண்ட உறுப்புக்கென்று வெள்ளி உருவம் ஒன்று வாங்கி, நோயெமியின் பெயர் எழுதிய ரிப்பனோடு, தூணில் தொங்கும் சிவப்புத் துணியில் குத்திவிட்டு வந்தார். திருவிழா அன்று மருமகள் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலில் வருவாள் என்றும் மாதாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று.

அதே வாரம் இன்னொரு அதிசயமும் நடந்தது. கன்று போட்டபின் எழுந்திருக்காமல் கிடந்த கோலோந்திரினா என்ற வீட்டுப் பசு, மாட்டு வைத்தியர் கைவிட்டுப் போன மறுநாள் காலை தானே எழுந்து நின்று, மாமியாரின் பூந்தொட்டிகளை ஒன்று விடாமல் மேய்ந்தது. இப்போது வீட்டில் சீஸ் வைக்க இடமில்லை. இதை மாதா போட்ட கொசுறு என்று தோன்யா பிரிகீதா தெரு முழுக்கச் சொன்னார்.

நோயெமிக்குத்தான் கொசுறும் இல்லை, சரக்கும் இல்லை. சில மாதத்திலேயே வலி திரும்பி வந்தது. பேருந்தில் உட்கார்ந்தால் வலி, சிறுநீர் கழித்தால் வலி, கணவன் எவரார்தோ ஆசையாகக் கிட்டே வந்தால் வலி. அடிவயிற்றில் முள்கம்பியைச் சுருட்டி வைத்துத் தைத்துவிட்டார்களோ என்று அவள் நினைத்தாள். குவாதலஹாரா நகரத்தில் இதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஒருநாள் சாப்பாட்டின்போது வாயைத் திறந்தாள்.

"எனக்கு இன்னும் வலிக்குது."

மாமியார் கையிலிருந்த சோளரொட்டியைத் தட்டில் வைத்தார். "மாதாவுக்கு நன்றி சொல்லியாச்சு. ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்ப வந்து வலிக்குதுங்கறியே, அவளைப் பொய்க்காரி ஆக்கப் பாக்கிறியா?"

"வலிக்கிறது எனக்கு, அத்தை. இதுல மாதா எங்க வந்தா?"

"நல்லாயிடுச்சுன்னு நம்பினாத்தான் நல்லாகும்."

எவரார்தோ சமாதானத் தூதுவனாகக் குறுக்கே வந்தான். "அம்மாவும்தான் அந்தக் காலத்துல மாசாமாசம் தலைவலின்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்துக் கெடப்பாங்க. ஊரையா கூட்டினாங்க? திருவிழா முடியட்டும், நோயெமி. இப்ப டாக்டர்கிட்ட போனா நாலு பேர் என்ன நெனைப்பாங்க?"

தலைவலிக்கு ஏன் வயிற்றைப் பிடிக்க வேண்டும் என்று அவன் இந்த வயது வரை யோசித்ததில்லை. மாமியார் ரொட்டியை மறுபடி எடுத்துக்கொண்டார். நோயெமி தன் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். ஆத்திரம் மட்டும் கழுவிப் போகவில்லை.

திருவிழா வந்தது. பேண்டு வாத்தியம், வெடி, புதுச்சட்டைகள். கோயில் வாசலில் நோயெமி முழங்காலிட்டாள். மாமியார் ஒருபக்கம் மெழுகுவத்தியோடும், எவரார்தோ மறுபக்கம் செல்போனில் படம் எடுத்தபடியும் வந்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே முள்கம்பி சுண்டி இழுத்தது. அவள் முழங்காலிலேயே தூணைப் பிடித்துக்கொண்டாள். கண்ணுக்கு நேராகச் சிவப்புத் துணி. அதில் அவள் பெயர் போட்ட ரிப்பன். ரிப்பனுக்கு மேலே வெள்ளி உருவம்.

நோயெமி ஒருதரம் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் இன்னும் வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

"என்னடி சிரிப்பு, கோயிலுக்குள்ள?"

"அத்தை, இது என்ன?"

மாமியார் குரலைத் தாழ்த்தினார். "அதான்... உன்னோட அந்த இடம்."

"இதுக்குக் கண்ணு இருக்கு, அத்தை."

"என்னது?"

"மூக்கு ஓட்டையும் இருக்கு. காது இருக்கு."

தோன்யா பிரிகீதா மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டினார். "டாக்டர் ரூம் செவுத்துல இருந்த படம் இப்படித்தானே இருந்துச்சு? நடுவுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் கொம்பு..."

எவரார்தோ எட்டிப் பார்த்தான். "அட, நம்ம கோலோந்திரினா!"

"கடையில என்னன்னு கேட்டு வாங்கினீங்க?" என்றாள் நோயெமி.

"கடையில ஆம்பளை நின்னான். எப்படி வாய்விட்டுச் சொல்றது? அந்த எடத்துக்கு ஒண்ணு குடுன்னேன். எந்த எடம்னான். தட்டுல இருந்த இதை விரலால காட்டினேன்."

பக்கத்தில் முழங்காலில் போய்க்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேண்டுதலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நோயெமி பெஞ்சைப் பிடித்து மெல்ல எழுந்தாள்.

"மாதா மேல ஒரு குத்தமும் இல்ல, அத்தை. நீங்க மாட்டைக் குடுத்தீங்க, அவ மாட்டை எழுப்பி விட்டுட்டா. என் சமாச்சாரம் அவ காதுக்கே போகல. அதனால திங்கக்கிழமை நான் குவாதலஹாராவுக்குப் போறேன். எனக்கு வலிக்குது. நல்லாக் கேட்டுக்குங்க, எனக்கு வலிக்குது."

அவ்வளவு பெரிய கோயிலில் அந்தச் சொல் கணீரென்று கேட்டது. யார் தலையிலும் கூரை இடிந்து விழவில்லை.

"அப்ப மிச்ச தூரத்துக்கு யாரு?" என்றார் மாமியார், சுரத்தே இல்லாமல். "வாக்குக் குடுத்தாச்சே."

"மாடு யார் பேர்ல இருக்கு?"

மாடு எவரார்தோவின் பேரில் இருந்தது. அம்மாவும் மனைவியும் அவனைப் பார்த்தார்கள். அவன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டு, புதுக் கால்சட்டையை ஒருதரம் பாவமாகத் தடவிப் பார்த்துவிட்டு முழங்காலிட்டான்.

அவன் நகர்ந்து போனபின் மாமியாரும் மருமகளும் வாசல் கடைக்கு வந்தார்கள். கடைக்காரர் தட்டை நீட்டினார். கண், கால், சிறுநீரகம், பன்றி, சேவல், லாரி, எல்லாம் பளபளத்தன.

"கருப்பை வேணும்" என்றாள் நோயெமி.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "அது கெடையாதும்மா. அச்சே இல்ல."

"லாரிக்கு அச்சு இருக்கு?"

"லாரி நல்லாப் போகும்மா. இது... அப்பா காலத்துல இருந்து கடை வச்சிருக்கோம், யாரும் கேட்டதில்லையே."

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கைப்பைக்குள் ஏதோ தேட வேண்டியிருந்தது. நோயெமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் பாதிப்பேர் சுமக்கும் உறுப்பு. பன்றிக்குக் கிடைத்த மரியாதைகூட அதற்குக் கிடைக்கவில்லை. திரும்பிப் போய்விடலாம் என்று மாமியாரின் கையைத் தொட்டாள்.

தோன்யா பிரிகீதா நகரவில்லை. முகம் சிவந்திருந்தது. மேய்ச்சலுக்குப் போன மாட்டைக் கூப்பிடும் குரலில், தெருக்கோடி வரை கேட்கும்படி சொன்னார்.

"கருப்பை! இல்லன்னா அச்சு செய். கொம்பு வேணாம், கண்ணு வேணாம்."

"சரிம்மா, சரிம்மா. எத்தனை?"

அவர் மருமகளின் பக்கம் திரும்பவே இல்லை. கை மட்டும் தன் அடிவயிற்றுக்குப் போயிற்று.

"ரெண்டு."