மஞ்சள் பொய்மீன்

வின்டர்தூர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் இருந்த தூண்டில் கடைக்குள் நுழைந்தபோது யசோதராவின் மனதில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. எந்த மீனும் அகப்படாத ஒரு தூண்டிலைக் கணவனுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும்.

அதை அவனிடம் சொல்ல வழியில்லை. தவராஜா அதற்குள் சுவரோரம் நிரையாக நின்ற கோல்களில் ஒன்றை எடுத்து நுனியை ஆட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தான். கோல் வளைந்து நிமிரும்போதெல்லாம் அவன் வாயோரம் லேசாக அசைந்தது. ஊரில் போர் முடிந்த 2009ஆம் ஆண்டு மே மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தில் எதுவும் அசைந்து அவள் கண்டதில்லை. அவன் அண்ணன் குடும்பம் செட்டிக்குளம் அகதி முகாமில் இருந்தது. வேலை முடிந்து வந்தால் சாப்பிடுவான், ஜன்னலோரம் இருப்பான், படுப்பான். கோடை முழுவதும் அப்படியே போனது.

போன வாரம்தான் வாய் திறந்தான். உணவகத்தில் அவனோடு அடுப்படியில் நிற்கும் ரேமோ, தெற்கே மஜோரே ஏரிக்கரையில் பிறந்தவன். பாஸ் மீன் பிடிக்க ஊருக்குக் கூப்பிட்டிருக்கிறான், வள்ளமும் வைத்திருக்கிறான், ஒரு நாளைக்கான அனுமதியும் எடுத்துத் தருவான்.

"நீரும் வாரும்" என்றான் தவராஜா. "இனி எங்களுக்கென்ன, மீனையாவது பிடிப்பம்."

இனி எங்களுக்கென்ன என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். இரண்டு கருக்கள் தங்காமல் போயிருந்தன. இரண்டும் மூன்று மாதத்தைத் தாண்டவில்லை. முதல் தடவை அவன் தொட்டில் வாங்கிவிட்டான். அதைத் திருப்பிக் கொடுக்கத் தனியாகத் தூக்கிக்கொண்டு போனவனும் அவன்தான். இரண்டாவதும் போனபோது யாழ்ப்பாணத்திலிருந்து அவனுடைய அக்கா ராஜேஸ்வரி தொலைபேசியில் கேட்டாள்: "தம்பி, அவள் பிள்ளைத்தாச்சியா இருக்கேக்க நீ ஏதும் உயிரைக் கொண்டனியோ?"

மனைவி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கணவன் தன் கையால் ஒரு உயிரையும் கொல்லக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தவராஜா யோசித்துப் பார்த்தான். நிலவறையில் ஒரு எலியை அடித்திருந்தான்.

யசோதரா யாழ்ப்பாணத்தில் உயிரியல் படித்துப் பட்டம் பெற்றவள். கரு ஏன் தங்காமல் போகிறது என்று காகிதத்தில் குரோமோசோம் படம் கீறிக் காட்டினாள். மருத்துவரும் அதையே சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றான். பிறகு நெடுநாள், குளியல் தொட்டிக்குள் சிலந்தி கிடந்தால் அதைக் காகிதத்தில் ஏந்தி ஜன்னலால் விட்டுவிட்டுத்தான் குளித்தான். பிள்ளைப் பேச்சே இனி இல்லை என்று தன் மனதுக்குள் முடித்துவைத்த பிறகுதான் மீன் பிடிக்க அவனுக்கு மனம் வந்திருக்கிறது.

இப்போது மூன்றாவது கரு அவள் வயிற்றில் இருந்தது. அவனுக்குத் தெரியாது. மூன்று மாதம் தாண்டட்டும் என்று அவள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். சொன்னால் நம்பத் தொடங்குவான். சொல்லாவிட்டால் மீனைக் கொல்வான். இதுவும் தங்காமல் போனால் எலியோடு சேர்ந்து அந்த மீனும் அவனை அரிக்கும். மீனுக்கும் கருவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவனோடு வாழ்கிறவள் அவள். அவனுக்கு எது உறைக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"எந்த மீனுக்கு?" என்று கடைக்காரர் கேட்டார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த பருத்த மனிதர்.

"பாஸ்" என்றாள் யசோதரா. தவராஜாவின் ஜெர்மன், கத்தி, சட்டி, கெதியாச் செய் என்ற அடுப்படி எல்லைக்குள் நின்றுவிடும். கடையில் அவள்தான் அவனுக்கு வாய். மற்ற நாட்களில் அந்நியரிடம் நேரம் கேட்பதற்கே கூசுகிறவள் அன்று கூசவில்லை.

கடைக்காரர் நூல் சுற்றும் இரண்டு ரீல்களை மேசையில் வைத்தார். ஒன்று கோலுக்குக் கீழே தொங்குவது. மற்றது கோலின் மேலே உட்காரும் உருளை.

"புதியவர் என்றால் தொங்குகிறதை எடுக்கட்டும். உருளையைப் பெருவிரலால் அடக்கத் தெரியவேண்டும். தெரியாதவர் வீசினால் நூல் குருவிக்கூடு மாதிரி ஆகிவிடும். பிறகு நாள் முழுக்கச் சிக்கெடுக்கவேண்டியதுதான்."

"என்னவாம்?" என்றான் தவராஜா.

"உருளைதான் நல்லதாம்" என்றாள் யசோதரா.

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் தவராஜா உருளையைக் கையில் எடுத்ததைப் பார்த்து அவர் புருவம் உயர்ந்தது. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பொய் சொல்வது இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

கோலுக்கு, வளையாத விறைப்பான ஒன்றைக் காட்டினாள். அது பெரிய மீன்களுக்கானது, இரை கவ்வும்போது கை உணராது என்றார் கடைக்காரர். "பலமானதாம்" என்றாள் அவள். நூலில் மட்டும் ஏமாற்றவில்லை. மெல்லிய நூல் இலகுவில் அறும். அறுந்தால் வாயில் முள்ளோடு மீன் எங்கேயோ போய்ச் சாகும். அதுவும் அவன் கணக்கில்தான் சேரும். ஆகவே தங்கூசி என்கிற நைலோன் நூலில் தடித்ததையே எடுத்தாள்.

கடைசியாக, முள்ளில் இரைக்குப் பதிலாக மாட்டும் பொய்மீன்கள். பெட்டி பெட்டியாக இருந்தன: றப்பர்ப் புழு, சுழலும் தகடு, தவளை. பாஸ் நாணலுக்குள் ஒளித்திருந்து தன் வாய்க்கு ஏற்ற சின்ன மீனைப் பாய்ந்து பிடிக்கும் என்று நூலகத்தில் வாசித்திருந்தாள். வாழைப்பழம் அளவில், அடிக்கிற மஞ்சளில், வயிற்றில் சிவப்புப் புள்ளிகளோடு ஒரு மரமீன் கிடந்தது. இழுத்தால் ஆழத்துக்குப் போகும், விட்டால் மிதக்கும். அதைச் சுட்டிக்காட்டினாள்.

"மேடம்" என்றார் கடைக்காரர். "இதைக் கண்டால் மீன் சிரிக்கும்."

தவராஜா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "எங்கட ஊர் லொறி மாதிரிப் பெயின்ற் அடிச்சு வைச்சிருக்கிறாங்கள்" என்றான். சிரித்தான்.

கடைக்காரர் ஒரு சிறு கட்டையையும் சாமான்களோடு வைத்தார். இந்த வருடத்திலிருந்து புதுச் சட்டம் என்றார். விளையாட்டுக்குப் பிடித்துவிட்டுத் திரும்ப விடுவது குற்றம். அளவுள்ள மீன் என்றால் உடனே தலையில் அடித்துக் கொல்லவேண்டும், துடிக்கவிடக்கூடாது.

"இது என்னத்துக்கு?" என்றான் தவராஜா.

இதற்கு மட்டும் அவளால் பொய் சொல்ல முடியவில்லை. சொன்னாள். அவன் கட்டையை வாங்கி, பார்க்காமலே பைக்குள் போட்டான்.

ஞாயிறு காலை ஏரி அசையாமல் கிடந்தது. மலைகளின் நிழல் தண்ணீரைப் பாதிவரை மூடியிருந்தது. ரேமோ துடுப்பைப் போட்டு வள்ளத்தை நாணல் ஓரமாகக் கொண்டுபோனான். ஒல்லியானவன், வாய் ஓயாதவன். தவராஜாவோடு அவன் பேசுவது பாதி அடுப்படி ஜெர்மனிலும் பாதி சைகையிலும்தான். மஞ்சள் மீனைக் கண்டதும் துடுப்பை விட்டுவிட்டான்.

"ராஜா, இது சுறாவுக்கா? இங்கே சுறா இல்லையே."

"கடைக்காரன் தந்தது" என்றான் தவராஜா.

"யார், அந்தக் கடைக்காரனா? அவன் உன்னைக் கண்ட சந்தோசத்தில் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான்."

யசோதரா வள்ளத்தின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தாள். வராமல் வீட்டில் இருந்திருக்கலாம். ஆனால் அவன் திரும்பி வரும்வரை அந்தக் கட்டை எப்படி விழுந்தது என்று நினைத்துக்கொண்டிருக்க அவளால் ஏலாது.

தவராஜா எழுந்து நின்று வீசினான். உருளை சீறியது. மஞ்சள் மீன் கொஞ்சத் தூரம் போய் நாணலருகே தொப்பென்று விழ, ரீலில் இருந்து நூல் பொங்கி வெளியே வந்தது. கடைக்காரர் சொன்ன குருவிக்கூடு அப்படியே அவன் கைக்குள் இருந்தது.

ரேமோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தவராஜா உட்கார்ந்து, சிக்கெடுக்கத் தொடங்கினான். பொறுமையான கைகள். ஒரு இழையைத் தூக்கி, அடுத்ததைத் தளர்த்தி, மெல்ல இழுத்தான். யசோதராவுக்கு மூச்சு வந்தது. இப்படியே மத்தியானம் ஆகட்டும் என்று நினைத்தாள்.

அவள் பார்க்காதது ஒன்று இருந்தது. அவன் ஒவ்வொரு இழையையும் இழுக்கும்போது நாணலோரம் மிதந்துகொண்டிருந்த மரமீன் லேசாகத் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. செத்துக்கொண்டிருக்கும் மீன் ஒன்று தண்ணீரின் மேலே அப்படித்தான் துடிக்கும்.

தண்ணீர் வெடித்தது.

"பிடி, விடாதே" என்று ரேமோ கத்தினான். ரீல் உதவாது. தவராஜா தடித்த நூலைக் கையில் சுற்றி, கை மாற்றிக் கை மாற்றி இழுத்தான். நூல் அறவில்லை. அறாத நூலைத் தெரிந்தெடுத்தவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேமோ வலையால் கோரினான். மீன் வள்ளத்துக்குள் விழுந்து பலகையில் அறைந்தது. பச்சை முதுகு, மஞ்சள் மரத்துண்டைக் கவ்விய மிகப் பெரிய வாய். வாய்க்கு ஏற்ற இரை என்று வாசித்தாளே, அந்த வாயின் அளவை அவள் யோசித்திருக்கவில்லை.

ரேமோ அளவுகோலை வைத்துப் பார்த்தான். "அளவுக்கு மேலே தாராளம்." கட்டையை எடுத்து நீட்டினான். "முதல் மீன். உன் கையால்தான்."

தவராஜாவின் முகம் சிவந்திருந்தது. நனைந்திருந்தான். இளைஞனாக இருந்தான். கட்டையை வாங்கி, இடது கையால் மீனை அமத்தினான்.

"நீங்கள் அடிக்காதேங்கோ" என்றாள் யசோதரா.

"பயமோ உமக்கு? அங்கால திரும்பியிரும். ஒரு அடிதான்."

"பயமில்லை." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "இப்ப நீங்கள் உயிர் கொல்லப்படாது."

மீன் இன்னொரு முறை அறைந்தது. அவன் கை கட்டையோடு உயர்ந்து நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான். முகத்திலிருந்து பார்வை கீழே இறங்கி, அவள் மடியில் கோத்திருந்த கைகளில் நின்றது.

"இப்ப எண்டால்?" என்றான்.

அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

"ராஜா, அடி. மீன் வதைபடுது" என்றான் ரேமோ.

தவராஜா கட்டையை அவனிடம் கொடுத்தான். "நீ செய். எனக்கு இண்டைக்கு ஏலாது."

"நாள் முழுக்க இறைச்சி வெட்டுகிற மனிசன்" என்று தொடங்கிய ரேமோ, இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு நிறுத்தினான். குனிந்து, சரியான இடத்தில் ஒரே அடி அடித்தான். வள்ளம் அமைதியானது.

தவராஜா கேட்டான்: "எத்தினை மாதம்?"

"மூண்டு ஆகேல்லை."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"தங்கினாப் பிறகு சொல்லுவம் எண்டு."

"தங்காட்டி?"

தங்காவிட்டால், தொட்டிலை அவன் தூக்கிக்கொண்டு போனது போல இதை அவள் தனியே தூக்கிக்கொண்டு போயிருப்பாள். அவனுக்கு அது விளங்கியது என்பது அவன் தலை குனிந்ததிலேயே தெரிந்தது. கால்மாட்டில் கிடந்த குருவிக்கூட்டையும் மஞ்சள் மரத்துண்டையும் பார்த்தான்.

"கடைக்காரன் உண்மையில என்னத்தைச் சொன்னவன்?"

"இதைக் கண்டா மீன் சிரிக்கும் எண்டவர்."

அவன் சிரிக்கவில்லை. ஆனால் கோபமும் இல்லை. ரேமோவிடம் திரும்பி, கரைக்குப் போகலாம் என்றான். ரேமோ துடுப்பைப் போட்டான். நீர்மட்டத்தில் ஒரு சின்ன அலை வந்து வள்ளத்தைத் தூக்கியது.

"லாங்சாம்" என்றான் தவராஜா. மெல்லப் போ என்பதற்கான ஜெர்மன் சொல்.

"இதைவிட மெல்லப் போனால் பின்னுக்குத்தான் போகவேணும்" என்றான் ரேமோ.

"லாங்சாம்" என்றான் மறுபடியும்.

பிறகு பின்பக்கம் நகர்ந்து வந்து, அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். மீனின் வழுவழுப்பு விரல்களில் இருந்தது. வள்ளத்துக்கு வெளியே கையை விட்டுக் கழுவினான். சட்டையில் துடைத்தான். கையைப் பார்த்தான். மறுபடியும் தண்ணீருக்குள் விட்டு, நகங்களுக்கு இடையில், மணிக்கட்டுவரை, தேய்த்துத் தேய்த்துக் கழுவினான்.

"காணும், போதும்" என்றாள் யசோதரா.

அவன் கைகளை வெளியே எடுத்தான். ஈரம் சொட்டச் சொட்ட, அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாதவன்போல, இருவருக்கும் நடுவில் ஏந்திக்கொண்டிருந்தான்.