ஐயாத்துரை மாமாவைத் தேடி வந்த ஆமி

"நான் சொல்ல வெளிக்கிட்டனான். நீதானே அக்கா என்ர கையைக் கிள்ளினனீ."

"சொல்லியிருந்தா அவனை ஏத்திக்கொண்டு போயிருப்பாங்கள்."

"பட்டம் ஏத்தினதுக்கு ஆரும் பிடிச்சு மறியலில அடைச்சுப் போடுவாங்களே?"

போன ஞாயிறும் குசினிக்குள்ள அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் இதே சண்டைதான். அவையின்ர தம்பி ஐயாத்துரை மாமாவைப் பற்றினது. நான் அவரைக் கண்டதில்லை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இவை சொன்னது.

அறுபத்தாறாம் ஆண்டு. எங்கட ஆக்கள் வடமராட்சியில இருந்து விசுவமடுவுக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின புதுசு. தை மாசக் காத்துக்கு மாமா ஆளுயரத்தில பட்டம் கட்டி, காத்துப் பட்டாக் கூவுற விண்ணைப் பனைநாரில செய்து பூட்டி, சிவப்புத்தாள் சுத்தின ரோச்லைற் பல்ப்பும் பற்றரியும் வச்சு ஏத்துவார். ஊரில செய்யிற மாதிரி இரவில நூலைப் பாலைமரத்தில கட்டிப்போட்டுப் படுத்திடுவார். விடியுமட்டும் அது மேல நிண்டு கூவும். விடிய இறக்கி வைப்பார்.

இந்தியாவில இருந்து வள்ளத்தில ஆக்கள் வந்திறங்காமல் பாக்கிறதுக்கு அப்ப கடற்கரையில அரசாங்க ஆமி காவல் நிண்டது. காட்டுக்கு மேல சிவப்பு வெளிச்சம் நிக்குது, முழங்குது எண்டு அவங்களுக்குப் பெரிய யோசினை. பிளேனும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஆரோ வள்ளக்காரருக்குச் சைகை காட்டுறாங்கள் எண்டு ஜீப்பில வந்து வீடு வீடா விசாரிச்சாங்கள்.

வடமராட்சிச் சனத்துக்குப் பட்டம் தெரியாதே? ஆனா சைகை எண்ட சொல்லைக் கேட்டதும், மாமாவைக் காப்பாத்திறமெண்டு எல்லாரும் வாயை மூடிட்டினம். ஒருத்தரும் ஒண்டும் காணேல்லையாம். பெரியம்மா அது வௌவாலாக்கும் எண்டிருக்கிறா. "வௌவால் லைற் போட்டுக்கொண்டோ தங்கச்சி பறக்குது?" எண்டு தமிழ் தெரிஞ்ச ஆமிக்காரர் கேட்டாராம். சனம் மறைக்க மறைக்க அவங்களுக்குச் சந்தேகம் கூடிச்சுது. ஆளைப் பிடிக்காமல் விடமாட்டம் எண்டு சொல்லிப்போட்டுப் போனாங்கள்.

பெரியம்மா பட்டத்தை வைக்கலுக்குள்ள ஒளிச்சுப்போட்டு, மாமாவைச் சைக்கிளில முள்ளியவளைக்குச் சொந்தக்காரர் வீட்டை அனுப்பிட்டா.

அடுத்தநாள் வந்து தேடினாங்கள். பட்டம் அம்பிட்டுது. ஆமிப் பெரியவர் அதைத் தூக்கிப் பல்ப்பைப் பாத்திட்டுச் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதில கேக்குதெண்டு அம்மா சொல்லுவா. "இதைச் சொல்ல உங்களுக்கு வாய் இல்லையோ?" எண்டு கேட்டிட்டு, கட்டின ஆளைக் கூட்டி வாங்கோ, ஏத்திக் காட்டட்டும் எண்டாராம். விசாரணை அவ்வளவுதான்.

உடன மாமாவைக் கூட்டிவர எங்கட வீட்டில இருந்து முள்ளியவளைக்கு ஆள் போச்சுது. ஆமி தன்னைத் தேடுதெண்ட கதை அங்கயும் வர, மாமா அதுக்கு முதலே வெளிக்கிட்டிட்டார். பிறகு வவுனியா ரயில் ஸ்ரேசனில அவற்ற சைக்கிள் நிண்டது. கொழும்புக்குப் போனாரோ, தலைமன்னாரால அக்கரை இந்தியாவுக்குப் போனாரோ, தெரியாது. ஒரு கடிதமும் வரேல்லை.

எவ்வளவு சண்டை பிடிச்சாலும் பெரியம்மா கடைசியில அழுறா. தன்னைப் பிடிக்க ஒருத்தரும் நிக்கேல்லை எண்டு மாமாவுக்கு இண்டைக்கும் தெரியாமல் இருக்கலாம்.

ஐயாத்துரை. அப்ப இருபது வயசு. இடது புருவத்தில வெட்டுத் தழும்பு. எங்கயாவது கண்டனீங்களெண்டால், கேள்விப்பட்டனீங்களெண்டால் கீழ எழுதுங்கோ. செத்திட்டார் எண்டாலும் எழுதுங்கோ.