விலையை வாய்விட்டுச் சொல்கிறவர்கள்

"மக கூப்பிட்டுக்கிட்டே இருக்காம்மா. அடுத்த வாரம் கிளம்பட்டுமா?" என்று மாமனார் கேட்டபோது, அவள் வேலைக்குப் போகிற அவசரத்தில் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"உங்க இஷ்டம் மாமா."

"என் இஷ்டத்த விடு. நீ என்ன சொல்ற?"

"நான் சொல்றதுக்கு என்ன இருக்கு? அவங்க உங்க மக. நான் சமாளிச்சுக்குவேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பேச்சு அத்தோடு முடிந்தது. அன்று பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து முதல் நோயாளியின் வயதையே தப்பாக எழுதினாள். கணவன் இறந்து மூன்று வருடம். அதன் பிறகு 'இரு' என்று அவரும் சொன்னதில்லை, 'இருக்கிறேன்' என்று இவளும் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இருந்தார்கள், அவ்வளவுதான். போகாதீர்கள் என்று கேட்க ஆசைதான். ஆனால் பெற்ற மகள் கூப்பிடும்போது மருமகள் குறுக்கே நிற்கலாமா?

சனிக்கிழமை காலை, குடியிருப்பின் பொதுக்கூடத்தில் மாதாந்தரக் காப்பிக் கூட்டம். மாமனார் ஆரம்பித்து வைத்த கூட்டம் அது. முப்பது வருடம் ஒரு ஆலையில் கொள்முதல் அதிகாரியாக இருந்து, கல்லில் நார் உரிப்பவர் என்று பெயர் வாங்கியவர், ஓய்வுபெற்ற பிறகு காப்பி பயிரிடும் ஒரு பெண்கள் சங்கத்திடம் அவர்கள் சொல்கிற விலைக்கே கொட்டை வாங்கி, வீட்டில் வறுத்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் குடிக்க வைத்தார். அவரவர் கோப்பையை அவரவர் கொண்டுவர வேண்டும். மூக்கில் வாசம் பிடித்து, சத்தம் வர உறிஞ்ச வேண்டும். முதல் மாதம் வெட்கப்பட்டவர்கள்தான் இப்போது போட்டி போட்டு உறிஞ்சினார்கள்.

இந்த மாதம் அந்தச் சங்கத்தின் தலைவியே வந்திருந்தாள். பழம் பறித்துக் கறுத்த விரல்கள், கணீரென்ற குரல்.

"இவரோட முதல் லெட்டர இன்னும் பத்திரமா வச்சிருக்கோம். 'ரொம்ப நாளைக்கு வாங்கப் போறோம், கொஞ்சம் குறைச்சுக்குங்க'ன்னு எழுதியிருந்தாரு!"

கூட்டம் சிரித்தது. "பழக்க தோஷம்மா, விட்டுருங்க," என்றார் மாமனார்.

"எப்படி விடறது? எத்தன தடவ களை எடுக்கறோம், பழுத்தத மட்டும் பொறுக்கிப் பறிக்க எத்தன நாள் ஆகுதுன்னு பதில் போட்டோம். ஒரே வாரத்துல 'மன்னிச்சுக்குங்க, உங்க விலைதான் விலை'ன்னு எழுதிட்டாரு. எத்தனையோ வியாபாரிகளப் பாத்தாச்சு. மன்னிப்புக் கேட்டவரு இவரு ஒருத்தருதான்."

மாமனார் தலையைக் குனிந்துகொண்டு, நிரம்பியிருந்த கோப்பையிலேயே மறுபடி ஊற்றப் போனார். மருமகளுக்கு இது புதுச் செய்தி. இந்த மனிதர் தன் நல்லதைக்கூட வீட்டில் சொல்லிக்கொள்ளவில்லையே என்று நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"விலைய யாருக்கா முடிவு பண்றது?" என்று கேட்டார் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் ஓட்டுநர்.

"நாங்கதான். ஒவ்வொருத்தியும் எந்திரிச்சு நின்னு தன் விலைய வாய்விட்டுச் சொல்லணும். 'நீங்களே பாத்துக் குடுங்க'ன்னு சொல்லவே கூடாது. அது சங்கத்துக் கட்டுப்பாடு. முன்னல்லாம் வியாபாரிங்ககிட்ட அப்படித்தான் சொல்லிட்டிருந்தோம். நல்லாத்தான் பாத்தாங்க, குடுக்கத்தான் இல்ல."

சிரிப்பு அடங்கியதும் அவளே சொன்னாள்: "முதல் தடவ எந்திரிச்சப்ப கேக்கறவங்க என்ன நினைப்பாங்களோன்னு பயம். அப்பறந்தான் புரிஞ்சுது, நாம வாயத் திறக்கலன்னா நமக்கு வேணாம்னுதான நினைப்பாங்க?"

மருமகள் கையிலிருந்த கோப்பையை மெல்லக் கீழே வைத்தாள்.

மாமனார் தொண்டையைச் செருமினார். "எல்லாருக்கும் ஒரு விஷயம். அடுத்த மாசம் நான் இருக்க மாட்டேன். எம் மக வீட்டுக்குப் போறேன். இனிமே மருமக வறுப்பா. என்னை விட அவ கைப்பக்குவம் பிரமாதம்."

"அடடா," என்று யாரோ சொன்னார்கள். உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது. அவர் எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். அவள் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

அவள் எழுந்தாள். நாற்காலிகளுக்கு நடுவே முட்டிக்கொண்டு நடந்துபோய், அவர் கையில் ஆவி பறந்துகொண்டிருந்த கெட்டிலை வாங்கி மேசைமேல் வைத்தாள். வெறுங்கையோடு நின்றவர் இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தார்.

"போகாதீங்க மாமா," என்றாள். "இங்கயே என்கூட இருங்க."