நிழல் புத்தகத்தில் ஒரு தாள் குறைகிறது

என் கணவர் ஏகநாதன் பி.ஏ. படித்தவர். இதை நான் சொல்லாவிட்டாலும் அவரே சொல்லிவிடுவார். சேலையூரில் நாங்கள் குடியிருந்த வீட்டு வாசலில் தொங்கிய பலகையில் பெயரைவிட பி.ஏ. கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். போனால் போகிறதென்று எனக்கும் ஒரு பட்டம் கொடுத்திருந்தார்: அரைகுறை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக அதை வாபஸ் வாங்கவே இல்லை.

நியாயம்தானே. டைப்ரைட்டிங் லோயர் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவருக்கு மாற்றல் வந்தது; அது நின்றது. அவருடைய அம்மா படுத்த படுக்கையானார். இந்தி வகுப்பு நின்றது. தையல் கிளாஸுக்குப் போய்வரும் நேரத்தில் அவருடைய காபி ஆறிப்போனது, தையலும் போச்சு. மூன்றையும் அரைகுறையாக விட்டவள் நான். விட வைத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை என்பதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

1992-ல் தாம்பரம் ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒன்று ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியது. அவர்கள் விட்டுப்போன பத்திரிகைக் கட்டு எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தது. ஒன்றின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு விளம்பரம். இங்கிலாந்தில் மார்ஜரி என்கிற அம்மாள் தபாலில் 'விட்ச்கிராஃப்ட்' சொல்லித் தருகிறாராம். கட்டணம் கிடையாது. பன்னிரண்டு பாடம். ஒரு வருஷமும் ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும். மந்திரத்தைவிட அந்த 'விடாமல்'தான் என்னைப் பிடித்துக்கொண்டது. சாவதற்குள் ஏதாவது ஒன்றையாவது முடித்துக் காட்ட வேண்டும் என்று வெறியே வந்தது.

எழுதிப் போட்டேன். ஏர்மெயிலில் முதல் பாடம் வந்தது. பில்லியும் இல்லை, ஏவலும் இல்லை. மரத்தையும் நிலாவையும் பருவத்தையும் கும்பிடுவது, தன்னைத்தானே கவனித்துத் திருத்திக்கொள்வது, அவ்வளவுதான். ஒரே சட்டம்: யாருக்கும் கெடுதல் செய்யாதே. அடடா, இதைத் தெரிந்துகொள்ள இங்கிலாந்து வரை கடிதம் போட வேண்டியிருந்தது.

"இன்னொரு கோர்ஸா? எத்தனை நாளைக்கு?" என்றார் அவர்.

"ஒரு வருஷம் ஒரு நாள்."

"அந்த ஒரு நாள் எதுக்கு? உனக்கு ஒரு வாரமே ஓவர்."

நவம்பர் ஒன்றாம் தேதி ஆரம்பித்தேன். டிசம்பரில், பனியில் நின்று ஓக் கட்டையைக் கொளுத்து என்று எழுதினார் மார்ஜரி. டிசம்பரில் எங்கள் தெருவில் கணுக்கால் வரை தண்ணீர், தீப்பெட்டியே நமுத்துக் கிடந்தது. ரோஸ்மேரி இலைக்குப் பதில் கற்பூரவல்லி போட்டேன். மெழுகுவர்த்தி ஏற்றி மனதை ஒருமுகப்படுத்து என்றார். ஏற்றினேன். "கரண்ட் போச்சா சரளா?" என்று பக்கத்துப் போர்ஷனிலிருந்து குரல் வந்தது. மனம் ஒருமுகப்பட்டுவிட்டது, போங்கள்.

அன்றன்று கற்றதை 'நிழல் புத்தகம்' என்று ஒன்றில் எழுதிவர வேண்டும். தோல் அட்டை போட்டதாக மார்ஜரி படம் அனுப்பியிருந்தார். தோலுக்கு நான் எங்கே போவேன்? சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது. காலையில் முந்தின நாள் தாளைக் கிழித்து அதன் முதுகில் எழுதினேன். முன்பக்கம் ராகு காலம், பின்பக்கம் என் பாடம். பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்தேன்.

அந்தத் தாளுக்கு ஏற்கெனவே ஒரு உரிமைக்காரர் இருந்தார். ஏகநாதன் பி.ஏ. தினமும் ஷேவிங் சோப்பு நுரையை அதில்தான் துடைப்பார். அவருக்காகப் பழைய பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து வைக்க ஆரம்பித்தேன். ஆடிப் பெருக்குக்கு மறுநாள் எனக்கு நல்ல காய்ச்சல். ஆடிப் பெருக்குத் தாளில் எழுதி மேஜைமேல் வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தால் குப்பைக்கூடையில் கிடக்கிறது, நுரையும் தாடி மயிருமாக. இங்க் கரைந்து ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

"ஒரு தாள்தானே, அதுக்கு என்ன இப்போ?" என்றார். நான் அழுதேன். காய்ச்சல் அதிகமாகிவிட்டதென்று மாத்திரை கொடுத்தார் மகராசன்.

ஒன்பதாவது பாடம் துடைப்பம். வீட்டிலிருக்கும் கெட்ட எண்ணங்களைப் பெருக்கித் தள்ள வேண்டும். புதுத் தென்னந்துடைப்பம் வாங்கி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அந்தி சாய்ந்ததும் ஹாலில் வட்டமாகப் பெருக்கினேன். வாசலில் வந்து நின்றார் வீட்டுக்காரம்மா கங்கையம்மாள். மாடம்பாக்கத்தில் பாதி நிலம் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்துடையது.

"ஐயே! வெளக்கு வெச்சப்புறம் பெருக்கிகினு கீறியே, லச்சுமி ஓடிப்பூடுவா! தொடப்பத்துக்குப் பொட்டு வேற வெச்சிகீது. இன்னாம்மா இது?"

உன்னை மறைத்துக்கொள்ளாதே, நீ யார் என்பதை உன் தாய்மொழியில் ஒருவரிடமாவது சொல் என்பது அதே பாடத்தின் வீட்டுப்பாடம். டிக்ஷனரியில் விட்ச் என்பதற்கு நேரே ஒரே ஒரு சொல்தான் போட்டிருந்தது. நானும் நல்ல மாணவியாக ஒப்பித்தேன்.

"நான் சூனியக்காரிக்கா."

வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று இரவெல்லாம் பயந்தேன். காலையில் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார். "என் நாத்தனா ஒருத்தி கீறா, சரளா. அவ வாயக் கொஞ்சம் கட்டிவுடேன்."

"யாருக்கும் கெடுதல் செய்யக் கூடாதுக்கா."

"அத்தான பாத்தேன்! பெரிய கைங்கல்லாம் மொதல்ல இப்டித்தான் பிகு பண்ணிக்கும்."

ஒரே வாரத்தில் தெரு முழுக்க என் புகழ் பரவியது. அது ஏகநாதன் பி.ஏ. காதுக்கும் எட்டியது. அதன்பிறகு நான் ஒரு வாய் குடித்த பிறகுதான் அவர் தன் காபியைத் தொட்டார். எலுமிச்சம்பழ சாதத்தைக் கண்டால் வயிறு சரியில்லை என்றார். அரைகுறை என்ற சொல் வீட்டைவிட்டே போய்விட்டது. நான் குதித்திருக்க வேண்டும். எனக்கோ அவமானமாக இருந்தது. மாங்கு மாங்கென்று படித்தவளுக்கு மரியாதை இல்லை, சூனியக்காரிக்கு இருக்கிறது.

கடைசிப் பாடத்தோடு ஒரு படிவம் வந்தது. விடாமல் செய்து முடித்தாள் என்று வீட்டில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். இதை முடித்தவர் இனிமேல் கற்கத் தொடங்கலாம் என்று அடியில் வேறு போட்டிருந்தது. நல்ல கதை!

அடுத்த வருஷம் நவம்பர் இரண்டாம் தேதி சாயங்காலம், அவர் ஆபீசிலிருந்து வந்ததும் படிவத்தை நீட்டினேன். படிக்காமலே பேனாவை எடுத்தார்.

"எங்கே போடணும் சரளா? ரெண்டு இடத்துல வேணும்னாலும் போடறேன்."

"நான் செஞ்சதை நீங்க பாத்தீங்களா?"

"நீ சொன்னா சரிதான்."

பத்தொன்பது வருஷத்தில் நான் சொன்னதைச் சரி என்றது அன்றுதான். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. படிவத்தை வெடுக்கென்று பிடுங்கினேன். பிஸ்கட் டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"படிச்சுப் பாருங்க, அப்புறம் போடுங்க. பயந்து போடற கையெழுத்து எனக்கு வேணாம்."

பாம்புக் கூடையைத் திறப்பதுபோல் திறந்தார். முதல் தாளை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. 'அவருக்கு ஜலதோஷம். கற்பூரவல்லி மந்திரத்துக்குக் கேட்கவில்லை. கஷாயத்துக்குக் கேட்டது.' 'கோபம் வந்தால் நூறு எண்ணு என்பது பாடம். எண்பதில் அடங்கியது.' 'இன்றும் அரைகுறை என்றார். நூறு போதவில்லை.' அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

முடித்ததும் என்ன செய்தார் தெரியுமா? எண்ணினார். ஆபீஸ் புத்தி.

"முன்னூத்து அறுபத்தஞ்சுதான் இருக்கு. ஒரு வருஷம் ஒரு நாள்னா முன்னூத்து அறுபத்தாறு. ஒண்ணு குறையுதே." பழைய குரல் திரும்பியிருந்தது. அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டதும் தெரிந்தது.

"ஆடிப் பெருக்கு. உங்க தாடியோட போச்சு."

டைப்ரைட்டிங்கையும் இந்தியையும் தையலையும் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவருக்கே ஞாபகம் வந்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு எழுந்துபோய்ச் சுவரில் இருந்த அன்றைய தாளை, நாள் முடிவதற்குள்ளாகவே, கிழித்து வந்தார். முதுகில் எழுதினார். டின்னில் தானே வைத்தார். நான் எடுத்துப் பார்த்தேன்.

'அன்றைக்கும் சரளா எழுதியிருந்தாள். நான்தான் துடைத்து போட்டேன். சாட்சி: ஏகநாதன்.'

பெயருக்குப் பின்னால் பி.ஏ. இல்லை. 'துடைத்து'க்குப் பின்னால் ஒரு 'ப்'பும் இல்லை. பேனாவை வாங்கி 'ப்'பை மட்டும் நான் போட்டேன்.