வாரண்டி முடிந்து பதினோரு நாள்

பட்டறையில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'வாரண்டி' என்றால் அவன்தான். பாத்திரம் கழுவும் மெஷினைப் பழுது பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் பையைத் திறப்பதற்கு முன்பே வாரண்டி நிபந்தனைகளை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவான். மெஷினுக்கு இரண்டு வருஷம். உள்தொட்டி துருப்பிடித்தால் மட்டும் ஐந்து வருஷம். ரப்பர், வடிகட்டி, தண்ணீர் பீய்ச்சுகிற இறக்கை, கூடையின் சக்கரம் எல்லாம் தேய்கிற சாமான், அவற்றுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. "அப்புறம் எதுக்குத்தாங்க வாரண்டி?" என்று கேட்காத வீட்டுக்காரர் இல்லை. "கெட்டுப்போகாத பாகத்துக்கெல்லாம் இருக்குங்க" என்பான். அவர்கள் சிரித்தால் அவனும் சிரிப்பான், முறைத்தால் குனிந்து வேலையைப் பார்ப்பான்.

அன்று காலை போன வீட்டில் அந்தப் பாட்டை அவன் எடுக்கவே இல்லை. வீட்டுக்காரர் நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஓடிக்கொண்டிருந்த மெஷினின் கதவில் கை வைத்தவர் அப்படியே பின்னால் சரிந்தார் என்று அவர் மனைவி சொன்னாள். விரல்கள் கருகிவிட்டன. கண் விழித்தாலும் ஆளை அடையாளம் தெரியவில்லையாம். கம்பெனி அவனை அனுப்பியது பழுது பார்க்க அல்ல. கோளாறு யார் தலையில் விழும் என்று பார்த்து எழுதி வரத்தான்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தரையில் மண்டியிட்டு மெஷினின் அடிப்பலகையைக் கழற்றினான். உள்ளேயிருந்து அழுகிய வாடை வந்தது. இந்த மெஷின்களுக்கு அடியில் ஒரு தட்டு உண்டு. மேலே எங்கே கசிந்தாலும் தண்ணீர் அதில் வந்து சேரும். சேர்ந்தால், தண்ணீர் மோட்டார் வயரைத் தொட்டுக் கதவு வரை கரண்ட் பாய்வதற்கு முன்பே, தட்டிலிருக்கும் சின்ன மிதவை எழும்பி மெஷினை நிறுத்திவிடும். உயிரைக் காக்கிற சாமான் என்று பார்த்தால் மொத்த மெஷினிலும் அது ஒன்றுதான். இங்கே மிதவையின் இரண்டு வயரையும் யாரோ பிடுங்கி, ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். மிதவை பாவம், தண்ணீரில் எழும்பித்தான் நின்றது. அது சொல்வதைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

மெக்கானிக்குகள் இதற்கு 'டைரக்ட் பண்ணுவது' என்று சொல்வார்கள். வாரண்டி முடிந்த வீட்டில் கசிவு வரும், மெஷின் நின்றுபோகும், புது ரப்பர் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். வீட்டம்மா பாத்திரக் குவியலைக் காட்டிப் புலம்புவாள். மெக்கானிக்குக்கு மனசு இளகிவிடும். "இப்போதைக்கு டைரக்ட் பண்ணிட்டுப் போறேன், ரப்பர் வந்ததும் மாத்திக்கலாம்" என்பான். மாற்றுவதற்கு யார் திரும்பப் போனார்கள்? மெஷின்தான் ஓடுகிறதே! அவள் கூப்பிட மாட்டாள், இவனுக்கும் நினைவிருக்காது. இந்த வேலையைச் செய்யாத மெக்கானிக் ஒருவன் இருந்தால் அவனை நிற்க வைத்துக் கும்பிடலாம்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டான்.

"டேப் இருக்கா? போட்டோ எடுத்து அனுப்பு. வெளியாள் கை வெச்சிருக்கான்னு எழுது. தொட்டிக்கு மிச்சமிருக்கற வாரண்டியும் செல்லாதுன்னு சொல்லிடு."

"சார், அந்த ஆளு ஆஸ்பத்திரில…"

"நமக்கு மெஷின் கணக்குதான்யா. ஆளு கணக்கு டாக்டர் பார்த்துப்பாரு."

போனை வைத்ததும் அந்த அம்மாள் கேட்டாள்: "யாருங்க இப்படிப் பண்ணது? போன வருஷம் ஒருத்தர் வந்தாரு. அவரா?"

"தெரியலைங்க" என்றான். அந்த முறுக்கு அவனுடையது அல்ல. அவன் இடப்பக்கமாக முறுக்குவான், இது வலப்பக்கம். ஆனால் இடப்பக்கமாக முறுக்கிய வயர் ஒன்று அக்கா வீட்டில் இருந்தது.

எட்டு மாதம் ஆகியிருந்தது. அக்கா வீட்டு மெஷின் நின்றுபோனபோது வாரண்டி முடிந்து பதினோரு நாள். மாமாவின் அலுவலகத்திலிருந்து பத்துப் பேர் சாப்பிட வருவதாக இருந்தது. "நீ என்ன பெரிய மெக்கானிக்கு, சொந்த அக்காவுக்கு ஒரு மெஷினை ஓட்டித் தர முடியல?" என்று அவள் கிண்டல் செய்ய, ரோஷத்தில் ஐந்தே நிமிஷத்தில் டைரக்ட் பண்ணிக் கொடுத்துவிட்டான். ரப்பர் மூன்றாம் வாரமே வந்துவிட்டது. அதே நாளில் வாரண்டி உள்ள ஒரு வீட்டுக்காரர் பட்டறைக்கே வந்து கத்த, அதை அவருக்குப் போட்டான். அக்காதானே, பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தான். அதோடு அதை அடியோடு மறந்தும் போனான்.

அக்காவுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான். எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் பாத்திரம் அடுக்குகிற நேரம். அறிக்கையை அரைகுறையாக விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினான். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று போட்டான். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. ஈரக் கையோடு அந்தக் கதவைத் திறப்பது அவள் பழக்கம். காலில் செருப்பு போட மாட்டாள். நினைக்க நினைக்க வண்டியை இன்னும் முறுக்கினான்.

அக்கா கதவைத் திறந்தாள். முகத்தில் தூக்கம் வழிந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி வந்து நிக்கற?"

அவன் அவளைத் தள்ளிக்கொண்டு சமையலறைக்குள் ஓடினான். மெஷின் இருந்த இடத்தில் ஒரு புது அலமாரி நின்றது.

"அதைக் குடுத்துட்டேனே! போன மாசமே. எனக்கும் அதுக்கும் ஒத்து வரல. கையால கழுவறதே நிம்மதி" என்றாள் அக்கா.

அவன் அலமாரியில் சாய்ந்துகொண்டு சிரித்தான். தப்பித்தாள், அக்கா தப்பித்தாள். ஒரு நிமிஷம் முழுதாக அந்தச் சந்தோஷத்தில் நின்றான், அதை நினைத்தால் பிற்பாடெல்லாம் அவனுக்கு உடம்பு கூசும். பிறகுதான் கேட்டான்.

"யாருக்குக் குடுத்த?"

"ஆன்லைன்ல போட்டோ போட்டேன், யாரோ வந்து எடுத்துட்டுப் போனாங்க. ஏன்டா? என்னடா ஆச்சு?"

"நம்பர் இருக்கா? சீக்கிரம் பாரு!"

அவள் போனைத் தேடி, பழைய செய்திகளைத் தள்ளித் தள்ளி எண்ணைக் கண்டுபிடிப்பதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது. முதல் மூன்று முறை யாரும் எடுக்கவில்லை. நான்காவது முறை ஒரு ஆண்குரல் எடுத்தது. அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சீரான இரைச்சல் கேட்டது. பதினாறு வருஷமாக அவன் காதில் விழுகிற இரைச்சல் அது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த மெஷினை அணைங்க! அதைத் தொடாம, மெயின் சுவிட்சை அணைங்க!"

"யாருங்க நீங்க? என்ன திடீர்னு…"

"மெஷினை வித்தாங்களே, அவங்க தம்பி. நான் மெக்கானிக். பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"என் வொய்ஃப் இருக்கா. அடியில தண்ணி வருதுன்னு துணி போட்டுத் துடைச்சிட்டு இருக்கா. ஏன்?"

அவன் போட்ட கத்தலில் அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "தொடக்கூடாது! தண்ணிய விட்டு வெளிய வரச் சொல்லுங்க! கதவத் தொடக்கூடாது!"

மறுமுனையில் போன் எங்கோ விழுந்தது. ஓடுகிற காலடி கேட்டது. ஏதோ பாத்திரம் உருண்டது. இரைச்சல் சட்டென்று நின்றது. அதன் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அக்கா ஏதோ கேட்டாள், அது அவன் மண்டையில் ஏறவில்லை. "ஹலோ, ஹலோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மூச்சு வாங்கிக்கொண்டு அந்த மனிதர் திரும்பி வந்தார்.

"அணைச்சுட்டேங்க. அவளுக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளாவே கதவத் தொட்டா சுருக்குனு இருக்குன்னு சொல்லிட்டிருந்தா. நான்தான் பிரமைன்னு சொல்லிச் சிரிச்சேன்."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். இப்போது ஏதாவது பொய் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடலாம். வாரண்டி இல்லாத மெஷினுக்கு யார் வந்து கேட்கப் போகிறார்கள்? அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணி கசிஞ்சா மெஷினை நிறுத்தற வயர் ஒண்ணு இருக்குங்க. அதைப் பிடுங்கி விட்டது நான்தான். அப்புறம் மறந்துட்டேன். மன்னிச்சுடுங்க" என்றான்.

அந்தப் பக்கம் மனைவியை வெளியே போய் உட்காரச் சொல்வது தூரத்தில் கேட்டது. திட்டப்போகிறார் என்று அவன் காத்திருந்தான். அவர் திட்டவில்லை.

"இந்த மாதிரி இன்னும் எத்தனை வீட்டுல பண்ணியிருக்கீங்க?" என்று கேட்டார்.

அவன் எண்ணிப் பார்த்தான். ஒரு மாடிவீடு ஞாபகத்துக்கு வந்தது. பச்சைக் கதவு போட்ட இன்னொரு வீடு. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நன்றி சொன்ன ஒரு பெண். தெருக்கள் நினைவில்லை, எண்கள் இல்லை. கம்பெனியில் மெஷினின் இரண்டு வருஷ வாரண்டி இருக்கும் வரைக்கும்தான் முகவரியை வைத்திருப்பார்கள், முடிந்தால் அழித்துவிடுவார்கள். அவன் டைரக்ட் பண்ணியதெல்லாம் வாரண்டி முடிந்த வீடுகளில்தான்.